தம்பி பார்க்காத வேலை

கெலேப்பி இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவன் பெண்டாட்டி லேசியேலி பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிவிட்டாள் என்று எங்கள் தேவாலயச் சபையில் ஒரே பேச்சு. வாங்கினாள்தான். வேறு என்ன செய்வாள்? துக்கத்துக்கு வந்தவர்கள் பன்றி சுட்டு, கிழங்கு வேகவைத்து, பத்து நாள் பாடி அழுது, பாயைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது சான் புரூனோவில் ஒரு வாடகை வீடு, சிமெண்ட் காய்ந்து ஒட்டிய பழைய பிக்கப் வண்டி, உயிர் போன ஒரு உரிமம். கலிஃபோர்னியாவில் கான்கிரீட் காண்டிராக்டர் உரிமம் ஆளோடு வந்து ஆளோடு போகிற சங்கதி. கையில் இருக்கிற வேலைகளை முடித்துக்கொள்ள விடுவார்கள். புது வேலை பிடிக்க வேண்டுமானால் வேறொருவர் நான்கு வருஷ அனுபவம் காட்டி, இரண்டு பரீட்சை எழுதி, தன் பேரில் உரிமம் எடுக்க வேண்டும்.

கம்பெனி என்று பெயரே தவிர மொத்தம் மூன்றே பேர். கெலேப்பி, லேசியேலி, அவள் தம்பி மொசேசே. பெரிய வேலை வந்தால் கூலிக்கு இரண்டு ஆள் வருவார்கள், போவார்கள். மொசேசே பரீட்சை எழுதக் கூடாதா என்று கேட்பீர்கள். கரணையைப் பிடித்தால் அவனுக்கு நிகர் கிடையாது. ஆனால் ஆங்கில எழுத்துக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயதிலேயே மனஸ்தாபம், இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. லேசியேலி, பசிபிக் கடலில் எங்கள் தொங்காத் தீவின் தலைநகர் நுகுஅலோஃபாவில், பெண்கள் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தவள். அதைவிட முக்கியம், அக்கா இருக்கிற இடத்தில் தம்பி தலைவன் ஆவதாவது? எங்கள் தொங்கா ஜனத்தில் அக்காளோ தங்கையோ, உடன்பிறந்தவள் என்றால் அவனுக்கு ஒரு படி மேல். அவள் இருக்கிற அறையில் அவன் காலை நீட்ட மாட்டான். கேலி பேச மாட்டான். அவள் உள்ளே வந்தால் ஓடுகிற டிவியை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவான். நாற்பத்தைந்து வயதில் மொசேசே இன்னும் அப்படித்தான்.

உரிமம் இல்லாவிட்டால் லேசியேலிக்கு என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஏற்கெனவே ஆகியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அவள் பணக்காரக் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அவர்கள் வீட்டிலேயே தங்கல். பின்பக்கத்து அறையில் ஒரு மடக்குக் கட்டில், தலைமாட்டில் ஒரு மணி. மணி அடித்தால் எழ வேண்டும். அந்த ஆறு வருஷத்தில் தன்னோடு யாராவது பேசியது மணியைவிடக் குறைவு என்பாள். பிள்ளையும் இல்லை. ஐம்பது நெருங்குகிற வயதில் மறுபடி அந்தக் கட்டிலா?

அவள் கான்கிரீட்டில் கை வைத்த கதையும் சொல்ல வேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கூலி ஆள் வரவில்லை, கலவை லாரி வந்து நிற்கிறது. கெலேப்பி அவளிடம், ஈரத்தில் புதையாமல் மண்டி போட ஒரு முழங்கால் பலகையையும் ஒரு கரணையையும் கொடுத்து, "இப்படித் தேய்ச்சுக்கிட்டே பின்னால வா" என்றான். மொசேசே பார்த்தான், அக்கா சேற்றில் மண்டி போடப் போகிறாள். கரணையைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கெலேப்பி கூப்பிட்டும் இறங்கவில்லை. ஆனால் கான்கிரீட் யாருடைய மரியாதைக்காகவும் காத்திருக்காது, அது இறுக ஆரம்பித்துவிட்டது. கடைசியில் இறங்கி வந்தான். தளத்தின் அடுத்த முனைக்குப் போய், அக்காவுக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டு, வேலையை ஆரம்பித்தான்.

அன்றையிலிருந்து பதினொரு வருஷம் அப்படியே நடந்தது. தேய்த்து முடித்த இடத்தில் முழங்கால் படக் கூடாது என்பதால் இந்த வேலையே பின்னால் நகர்ந்து செய்வதுதான். அவள் ஒரு முனை, அவன் ஒரு முனை. முதுகும் முதுகுமாக நடுவுக்கு வந்து, அவள் இடப்பக்கம் இறங்குவாள், அவன் வலப்பக்கம் இறங்குவான். ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதை ஓரத்தில் நிற்கிற கெலேப்பியிடம் சொல்வார்கள். மொசேசேயின் மனைவி ஃபூசி வாயாடி, "எங்க வீட்டுக்காரருக்கு முதுகிலயும் ரெண்டு கண்ணு இருக்கு, ஆனா அதையும் மூடிக்கிட்டுதான் வேலை பார்ப்பார்" என்று சபை முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். லேசியேலிக்கு அந்த முதுகு ஒரு துணையாக இருந்தது. கல்லிலும் தூசியிலும் பேச்சில்லாமல் பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பத்தில் ஒரு தாள், இவள் நான்கு வருஷம் இந்த வேலையை முழுசாகத் தெரிந்து செய்தாள் என்று கூட வேலை செய்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருஷமும் கூட இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் மொசேசேதான். அவனிடம் நேரில் கேட்க அவளுக்கும் வாய் வராது. ஃபூசியிடம் கொடுத்து அனுப்பினாள். அவன் என்ன தாள் என்றுகூடக் கேட்கவில்லை, அக்கா அனுப்பினாள் என்றதும் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான் என்று ஃபூசி வந்து சொன்னாள். அந்த மரியாதையே பின்னால் வினையாகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மூன்று மாதம் படித்தாள். வீட்டில் படிக்க முடியவில்லை, கெலேப்பியின் நாற்காலி எதிரிலேயே இருந்தது. பகல் வேளையில் வண்டியைக் கடற்கரைச் சாலையில் பனிமூட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டு, ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படிப்பாள். சட்டப் பகுதி மனப்பாடம்தான், பைபிள் வசனம் படித்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. இத்தனை அடி நீளம், இத்தனை அங்குலம் கனம், எத்தனை யார்டு கலவை என்கிற கணக்கெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும், கெலேப்பிக்குப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

வேலைப் பகுதிதான் படுத்தியது. புத்தகம் ஒன்று சொன்னது, கை ஒன்று சொன்னது. மேலே கசியும் தண்ணீர் வற்றும்முன் கரணை போடலாமா? வெயிலில் காய ஆரம்பித்தால் தளத்தில் தண்ணீர் தெளிக்கலாமா? கூடாது, கூடாது என்றது புத்தகம். கெலேப்பி தெளிப்பான், தெளித்துவிட்டு, பாதிரியார் ஞானஸ்நானம் கொடுப்பதுபோல் கையை உயர்த்திக் காட்டிச் சிரிப்பான். சரியான விடையைக் குறிக்கிற ஒவ்வொரு தடவையும் செத்துப்போன புருஷனைக் காட்டிக்கொடுக்கிறதுபோல் அவளுக்கு இருந்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் தேவலை. யார் கேட்பார்கள்? சபைப் பெண்களுக்கு அவள் திடீரென்று பெரிய மனுஷி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அவள் கொண்டுபோன பாத்திரத்தை, சேப்பங்கிழங்கு இலையில் மடித்து வேகவைத்த இறைச்சி, யாரும் திறக்கவில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்து மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டாள்.

பரீட்சை அன்றைக்கு ஒரு கூத்து. லேசியேலி துக்கக் கறுப்பிலும் இடுப்பில் கட்டிய பெரிய ஓலைப் பாயிலும் போயிருந்தாள். புருஷன் போன முதல் வருஷம் வெளியே எங்கே போனாலும் அது இடுப்பில் இருக்க வேண்டும். வாசலில் இருந்த பெண், பாவம், சின்னப் பெண், பையைக் காலி செய், கைக்கடிகாரத்தைக் கழற்று என்று எல்லாருக்கும் சொல்வதுபோல் இவளுக்கும் சொல்லிவிட்டுப் பாயைக் காட்டி, இதையும் கழற்ற வேண்டும் என்றாள். காப்பியடிக்கிற சீட்டை அதில் ஒளித்திருப்பாள் என்று சந்தேகம் போலிருக்கிறது. லேசியேலி வாதம் செய்யவில்லை. அவிழ்த்து, மடித்து, ஓர் இரும்புப் பெட்டிக்குள் திணித்துப் பூட்டினாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது துணியில்லாமல் உட்கார்ந்ததுபோல் கூசியது. முதல் பத்துக் கேள்வி கண்ணில் ஏறவே இல்லை. அப்புறம் கெலேப்பியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று குறித்தாள்.

இரண்டிலும் பாஸ். பாயைக் கட்டிக்கொண்டு வண்டியில் வந்து உட்கார்ந்தாள். இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது என்று யோசித்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு வண்டியை எடுத்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சில விண்ணப்பங்களை மட்டும் எடுத்து ஆழமாகச் சரிபார்ப்பார்களாம், இவளுடையது அதில் விழுந்துவிட்டது. அனுபவத்துக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் தொலைபேசியில் விசாரித்ததாகவும், விண்ணப்பதாரர் கான்கிரீட் வேலை எதுவும் செய்ததில்லை என்று அவரே சொன்னதாகவும், ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. மறுப்பு இருந்தால் இருபது நாளுக்குள் இருவரும் நேரில் வரலாம்.

ஃபூசிதான் ஓடிவந்து நடந்ததைச் சொன்னாள். அரசாங்கத்திலிருந்து அக்காவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றதும் மொசேசே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுதான் பேசினானாம். உங்கள் அக்கா மண்டி போட்டு கான்கிரீட் தேய்ப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள்.

"உங்க தம்பிக்குக் கோபம் வந்துடுச்சு அண்ணி. 'நான் உயிரோட இருக்கும்போது எங்க அக்கா மண்ணைத் தொடுவாங்களா? வண்டியில நிழல்ல உக்காந்திருப்பாங்க, வேலையெல்லாம் நாங்க பார்ப்போம்'னு சொல்லிட்டார். சொல்லிட்டு போனை வச்சுட்டு, உங்க மானத்தைக் காப்பாத்திட்ட மாதிரி என்னைப் பார்க்கிறார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்."

உலகத்தில் வேறு எந்தத் தம்பியாவது இப்படி அக்காவை உயர்த்தி உயர்த்தியே கவிழ்த்திருப்பானா? லேசியேலிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, பிறகு நல்ல கோபம் வந்தது. நேரில் வந்து உண்மையைச் சொல்லச் சொல் என்று ஃபூசியை அனுப்பினாள். பதில் அன்று மாலையே வந்தது. அக்கா சொன்னால் ஆயுள் முழுக்க மூட்டை சுமக்கிறேன், இதை மட்டும் கேட்க வேண்டாம். அவள் முன்னாலேயே உட்கார்ந்து, அந்நியரிடம், எங்கள் அக்கா சேற்றில் கிடந்தாள் என்று எப்படிச் சொல்வேன்? அதுவும் நான் பார்க்கவே இல்லையே, பார்க்காததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்யவா?

உத்தரவு போட்டால் அவன் மீற முடியாது. அக்காவின் சொல்லுக்கு அவ்வளவு கனம் உண்டு. லேசியேலி போடவில்லை. பழைய முதியோர் ஏஜென்சிக்குப் போன் செய்தாள். அவர்களுக்கு அவள் பெயர் நினைவிருந்தது. ஒரு தொண்ணூறு வயதுக்காரர், வாரத்தில் ஆறு நாள், மாதம் பிறந்ததும் வந்துவிடலாம் என்றார்கள். இரண்டு பெட்டி வாங்கி வந்து துணிகளை அடுக்கினாள். கெலேப்பியின் சட்டைகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் கட்டிலிலேயே விட்டுவிட்டாள். ஃபூசி வந்து பெட்டிகளைப் பார்த்தாள், வாயைத் திறக்காமல் போய்விட்டாள். ஃபூசி பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

பதினெட்டாம் நாள் காலை ஃபூசி போன் செய்து, பெட்டிகளைப் பற்றி அவரிடம் சொன்னேன், நாளைக்கு அவர் வருகிறார், ஆனால் உங்கள் வண்டியில் வர மாட்டார் என்றாள்.

விசாரணை அறை சின்னது. மேசைக்குப் பின்னால் மிஸ் பாடியா என்கிற அதிகாரி, ஐம்பது வயதுக்காரி, முகத்தில் கடுமையும் இல்லை, சிரிப்பும் இல்லை. எதிரில் இரண்டு நாற்காலி. மொசேசே கோயிலுக்குப் போகிற சட்டையில், மரியாதைக்காக இடுப்பில் பாய் கட்டி வந்திருந்தான். அக்காவுக்குச் சமமாக நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம், அவளுக்குப் பின்பக்கமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். மிஸ் பாடியா நாற்காலியைக் காட்டினாள். அவன் அசையவில்லை. சரி என்று விட்டுவிட்டாள்.

போனில் சொன்னது உண்மையா, தாளில் கையெழுத்துப் போட்டது உண்மையா என்று கேட்டாள். லேசியேலி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூச்சு விடுகிறது கேட்டது.

"பார்த்ததில்லம்மா" என்றான் கடைசியில். "அவங்க மண்டி போட்டிருக்கும்போது நான் ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல."

"அப்ப எதை நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"அவங்க வேலையை முடிச்சு கை கழுவப் போனதும் திரும்புவேன். அவங்க பாதியைப் பார்ப்பேன். தரையில கன்னத்தை வச்சு, வெளிச்சத்துக்கு எதிரா பார்ப்பேன்."

"எதுக்கு?"

"குத்தம் கண்டுபிடிக்க. ஒரு மேடு, ஒரு பள்ளம், கரணை பட்ட ஒரு கோடு கிடைச்சாப் போதும். மாமாகிட்ட காட்டி, அக்காவுக்கு இது சரிப்படாது, வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன். என் அக்கா இனி முட்டி போட வேண்டாம் பாருங்க."

"கிடைச்சுதா?"

"பதினொரு வருஷம் தேடினேன். என் பாதியில கிடைக்கும். அவங்க பாதியில கிடைக்கல."

மிஸ் பாடியா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு மறுபடி எழுதினாள், நீளமாக எழுதினாள். லேசியேலிக்குக் காது இரண்டும் சுட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. வாழ்நாளில் யாரும் அவளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெலேப்பிகூட. எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது, அவன் இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டானா என்றும் இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மொசேசே லிஃப்டுக்கு வரவில்லை, நாலு மாடியும் படியிலேயே இறங்கிப் போய்விட்டான்.

மூன்று வாரத்தில் உரிமம் வந்தது. லேசியேலி பெட்டிகளைக் காலி செய்தாள். ஏஜென்சிக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். வண்டிக் கதவில் கெலேப்பியின் பெயருக்குக் கீழே புது உரிமத்தின் எண்ணை ஒட்டினாள். முதல் வேலையும் கிடைத்தது, டேலி சிட்டியில் ஒரு பிலிப்பினோக் குடும்பத்துக்கு, கார் ஏறுகிற பாதை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கலவை லாரி வரும் என்று ஃபூசியிடம் சொல்லி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஃபூசி அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அவர் வர மாட்டார் அண்ணி. சாக்ரமெண்டோவில பாலம் கட்டுற கம்பெனியில சேர்ந்துட்டார், வீடு பார்த்துக்கிட்டிருக்கோம்."

கோபமா என்று லேசியேலி கேட்டாள்.

"கோபமா? உங்க மேலயா? 'இத்தனை வருஷம் நான் பார்க்கலன்னு அக்கா நினைச்சாங்க, அதனால நிம்மதியா வேலை செஞ்சாங்க. இப்ப நான் பார்த்தேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி எந்த முகத்தோட முதுகைக் காட்டி உக்கார்றது'ன்னு கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

லேசியேலிக்கு அது புரிந்தது, வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அவன் நின்றுவிடுவான், நின்று, வெட்கத்தில் தினம் தினம் செத்துக்கொண்டிருப்பான். அவள் சொல்லி அனுப்பவில்லை. சாக்ரமெண்டோவில் வெயில் அதிகம், தொப்பி போட்டுக்கொள்ளச் சொல் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை கூலிக்கு வந்தவன் எல் சால்வடோர் நாட்டுக்காரன், செப்பே என்று பெயர். நல்ல ஆள், நல்ல வேலைக்காரன். வந்ததும் ரேடியோவைப் போட்டான், கலவையை இழுத்துவிடும்போதே தன் மாமியாரைப் பற்றி இரண்டு கதை சொன்னான். லேசியேலி தன் முனையில் மண்டி போட்டுப் பின்னால் நகர்ந்து வந்தாள். பனி விலகி வெயில் ஏறியது. நடுவுக்கு முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான். இடப்பக்கம் இறங்காமல் அங்கேயே மண்டி போட்டபடி இருந்தாள். ஏன் இறங்கவில்லை என்று அவளுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, முதுகுக்குப் பின்னால் ஒரு முதுகு வந்து சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

பின்னால் செப்பேயின் குரல் கேட்டது. "முதலாளியம்மா, உங்க பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. எத்தனை வருஷமா பண்றீங்க?"

அவன் திரும்பி உட்கார்ந்து அவள் வேலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினொரு வருஷம்" என்றாள். எழுந்து வண்டிக்குப் பின்னால் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், கெலேப்பியைப் புதைத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள். பிறகு கரணையைக் கழுவி, முகத்தையும் கழுவிக்கொண்டு, செப்பேயின் பாதியைப் பார்க்கப் போனாள். அதில் கரணை பட்ட ஒரு கோடு இருந்தது.